தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டை: நிலக்காரரிடம் அனுமதி வாங்குவது எப்படி? (செபராங் பிறை, பினாங்கு, மலேசியா)

எழுதியவர்: பட்டர்வொர்த் வாசி

வணக்கம். 12 போர் துப்பாக்கிக்குப் போலீஸ் லைசென்ஸ் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கான பெர்ஹிலிதான் (வனவிலங்கு இலாகா) உரிமமும் என் பெயரில் நடப்பில் இருக்கிறது. இல்லாதது நிலம் மட்டும்தான்.

சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் பன்றித் தொல்லை அதிகம் என்கிறார்கள். ஆனால் யார் நிலம், யாரிடம் கேட்பது என்றே பிடிபடவில்லை. கேட்டில் இருக்கும் காவலாளி "போகலாம்" என்றால் அது போதுமா? வாய்வார்த்தை போதுமா, கடிதம் வேண்டுமா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? கூட இரண்டு நண்பர்கள் வருவதாக இருந்தால் அதை எப்படிச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: செம்பனை நிழல்

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. பெர்ஹிலிதான் உரிமம் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 716இன் கீழ் வருவது. முதலாவது துப்பாக்கியை வைத்திருக்க விடுகிறது, இரண்டாவது அந்த விலங்கைச் சுட விடுகிறது. அடுத்தவர் நிலத்தில் காலை வைக்க இரண்டுமே விடுவதில்லை. அந்த உரிமையை நிலத்தை ஆள்பவர் மட்டுமே தர முடியும். வேலியே இல்லாத தோட்டமானாலும் இதுதான் நிலை.

காவலாளியின் "போகலாம்" செல்லாது. மண்டோர் (கங்காணி) சொன்னாலும் செல்லாது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் மறுநாள் மேனேஜர் கேட்டால் அவர்கள் வேலைக்கே ஆபத்து. நீங்கள் துப்பாக்கியோடு அத்துமீறி நுழைந்தவராகிவிடுவீர்கள்.

யார் நிலம் என்று கண்டுபிடிக்க லோட் எண்ணும் (நிலத் துண்டின் எண்) முக்கிமின் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரும் தேவை. தோட்ட முகப்புப் பலகையில் சில நேரம் இருக்கும். இல்லாவிட்டால் நில அளவை இலாகாவின் வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்து லோட் எண்ணை எடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு நில அலுவலகத்தில் "காரியான் பெர்செண்டிரியான்", அதாவது தனிப்பட்ட தேடல், போடுங்கள். கட்டணம் கட்டினால் யாரும் போடலாம். எந்த அலுவலகம் என்பது கிராண்டின் (நிலப் பட்டா) வகையைப் பொறுத்தது. கிராண்ட் முக்கிமாக இருந்தால் அந்த மாவட்ட நில அலுவலகம். பதிவக கிராண்ட் என்றால் மாநில நில, கனிமவள அலுவலகம். மாறிப் போய் நின்றால் அரை நாள் வீண்.

தேடல் தாளில் நான்கு இடங்களைப் பாருங்கள். உரிமையாளர் பெயர், அவர் பங்கு எவ்வளவு, "பஜாக்கான்" (குத்தகை) பதிவு இருக்கிறதா, கேவியட் (உரிமைத் தடைக் குறிப்பு) இருக்கிறதா. பஜாக்கான் இருந்தால் நிலம் இப்போது குத்தகைக்காரர் கையில் இருக்கிறது. கிராண்டில் பெயர் உள்ளவர் சரி சொன்னாலும் அங்கே மரம் வைத்திருப்பவர் வேறு ஆள், அவரிடமும் கேட்டாக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 3 வருடத்துக்கு உட்பட்ட வாடகைக் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தேடல் தாளில் அது தெரியாமலே போகலாம். கிழங்கு, வாழை, கரும்பு போட்டிருக்கும் துண்டு நிலங்களில் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே நேரில் போய், "இந்தப் பயிர் யாருது?" என்று கேட்காமல் விடாதீர்கள்.

உரிமையாளர் "செண்டிரியான் பெர்ஹாட்" கம்பெனியாக இருந்தால் அதில் போட்டிருக்கும் முகவரி பெரும்பாலும் செயலாளர் அலுவலகமாக இருக்கும். அங்கே எழுதினால் பதில் வராது. தோட்ட ஆபீசுக்கே போய், கிராணியாரிடம் (எழுத்தர்) "இதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு?" என்று கேளுங்கள். மேனேஜருக்கு அந்த அதிகாரம் இல்லாத கம்பெனிகள் நிறைய. அப்படியானால் மனு அவர் வழியாகத் தலைமையகத்துக்குப் போய் வர வேண்டும்.

பெரிய கம்பெனிகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே அலைய வேண்டாம். ஆர்.எஸ்.பி.ஓ. (நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான அமைப்பு) சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்கள் தங்கள் எல்லைக்குள் வேட்டையைக் கட்டுப்படுத்தியதாகத் தணிக்கையில் காட்ட வேண்டும். "டிலாராங் மெம்புரு" (வேட்டையாடத் தடை) பலகை அதற்காகத்தான் நிற்கிறது. மேனேஜர் நல்லவராக இருந்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கும். உங்களுக்குப் பலன் தருவது 20 ஏக்கர் முதல் சில நூறு ஏக்கர் வரை வைத்திருக்கும் தவுக்கேகளும் (முதலாளிகள்) சிறுதோட்டக்காரர்களும்தான்.

அதிலும் மறுநடவு நடக்கும் இடத்தைத் தேடுங்கள். செம்பனையைச் சுமார் 25 வருடத்தில் வெட்டிப் புதிதாக நடுவார்கள். ஹெக்டருக்கு ஏறக்குறைய 136 கன்று. முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் பன்றி அதன் குருத்தைத் தின்னும். கன்றின் அடியை மூக்கால் கிளறிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் எடுத்துவிட்டு மட்டைகளை அப்படியே போட்டிருக்கும். ஒரே ராத்திரியில் ஒரு வரிசையே போகும். கன்றின் விலை, நட்ட கூலி, திரும்ப நடும் கூலி எல்லாம் முதலாளிக்கு வலிக்கும் நேரம் அது. மரம் வளர்ந்து காய்க்கும் தோட்டத்தில் பன்றி உதிரிப் பழம்தான் பொறுக்கும், அங்கே முதலாளிக்கு அவ்வளவு அவசரம் இருக்காது.

ஆனால் முள்ளம்பன்றியும் கன்றைத் தின்னும். மண் கிளறப்படாமல், கன்றின் அடித்தண்டு உளியால் செதுக்கியது போல் பல் தடத்தோடு இருந்தால் அது முள்ளம்பன்றி. அதுவும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. உங்கள் காட்டுப்பன்றி உரிமம் அதற்குச் செல்லாது. முதலாளி "எல்லாம் பன்றிதான், சுடு" என்பார். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

---

பதில் 2: பரண்

மேலே சொன்னது நிலத்தைப் பற்றி. நான் பேச்சையும் கடிதத்தையும் பற்றிச் சொல்கிறேன்.

முதல் சந்திப்புக்குத் துப்பாக்கியை எடுத்துப் போகாதீர்கள். காரில்கூட வேண்டாம். தனியாக, அல்லது அவருக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள். நான்கு பேராகப் பிக்கப்பில் போய் இறங்கினால் அவர் மனதில் முதலில் வருவது பன்றி இல்லை, பழத் திருட்டு. செம்பனைப் பழம் திருடுகிறவர்கள் "வேட்டைக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவது பல தோட்டங்களில் நடப்பதுதான். அதனால் அவர் கேட்கும் முன்னாலேயே உங்கள் காடி (வண்டி) நம்பரைக் கொடுத்து, "இந்த ஒரு காடிதான் வரும், போகும்போது பின்பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியம் பாதி வேலையை முடிக்கும்.

நேரமும் முக்கியம். காலைப் பெரட்டு (வேலையாட்களைக் கணக்கெடுக்கும்) நேரத்திலும் பழம் ஏற்றும் நேரத்திலும் போனால் நின்று பேச மாட்டார். பத்து, பத்தரை மணிக்கு மேல், அல்லது சாயங்காலம் அவர் தேநீர் குடிக்கும் கடையில். சம்பள நாள் வேண்டாம்.

பேச்சை "வேட்டைக்கு இடம் வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "புது நடவுல பன்றி இறங்குதாமே, எத்தனை கன்று போச்சு?" என்று கேளுங்கள். அவர் நடந்து போய்க் காட்டுவார். காட்டினால் ஒன்றாக நடங்கள். தடம், சேற்றுக் குளியல் குழி, மரத்தில் உரசிய சேறு, வேலியில் நுழையும் ஓட்டை எல்லாவற்றையும் பாருங்கள். அந்த நடையிலேயே எல்லைக் கல் எங்கே, பக்கத்து நிலம் யாருடையது, வேலையாள் குடிசை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி அந்த லோட்டுக்கு மட்டும்தான். அடிபட்ட பன்றி எல்லையைத் தாண்டி ஓடினால் பின்னால் ஓட உங்களுக்கு உரிமை இல்லை. அதனால் பக்கத்து நிலக்காரர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வைப்பது அவசியம். காயம்பட்ட பன்றியைத் தேட முடியாமல் விடுவதைவிட அந்த இடத்தில் சுடாமலே இருப்பது மேல்.

நிலக்காரர் மனதில் இருக்கும் பயங்கள் இவை: யாராவது சுடப்பட்டால் என் பெயர் வருமா, என் மாடு செத்தால் யார் பொறுப்பு, போலீஸ் என் வீட்டுக்கு வருமா. வாயால் தைரியம் சொல்லிப் பயனில்லை. லைசென்ஸ், உரிமம், ஐ.சி. (அடையாள அட்டை) மூன்றின் நகலையும் ஒரு உறையில் போட்டு அவர் கையில் கொடுங்கள். காலாவதித் தேதி உள்ள பக்கத்தை மேலே வையுங்கள்.

வாய்வார்த்தை சட்டப்படி அனுமதிதான். ஆனால் ராத்திரியோ விடியற்காலையோ ரோந்து வண்டி நிறுத்தினால் அதைக் காட்ட முடியாது. கடிதம் மலாயில் இருக்கட்டும், ஏனென்றால் அதைப் படிக்கப் போவது போலீஸ்காரரும் பெர்ஹிலிதான் அதிகாரியும். அரைப் பக்கம் போதும். நடு வாக்கியம் இப்படி இருந்தால் சரி:

"சாயா, பெமிலிக் லோட் (எண்), முக்கிம் (எண்), டாயெரா செபராங் பிறை செலாத்தான், டெங்கான் இனி மெம்பெனார்கான் (பெயர், ஐ.சி. எண்) மாசுக் கெ தானா தெர்செபுட் பாகி துஜுவான் மெம்புரு பாபி ஹுத்தான் சஹாஜா."

அதாவது, "இந்த லோட்டின் உரிமையாளராகிய நான், இன்னார் காட்டுப்பன்றி வேட்டைக்காக மட்டும் இந்த நிலத்துக்குள் வர அனுமதிக்கிறேன்." "சஹாஜா", அதாவது "மட்டும்", என்ற சொல்லை விடாதீர்கள். அதற்குக் கீழே துப்பாக்கி லைசென்ஸ் எண், காடி எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பகுதியில் கூடாது, நிலக்காரரின் கைப்பேசி எண், கையெழுத்து. நேரத்தை உங்கள் பெர்ஹிலிதான் உரிமத்தின் நிபந்தனைக்கு உட்பட்டே எழுதுங்கள். நிலக்காரர் "ராத்திரி முழுக்க இரு" என்று எழுதிக் கொடுத்தாலும் அவரால் உரிமத்தின் நிபந்தனையை மாற்ற முடியாது. காலத்தை மூன்று மாதத்துக்கு மேல் கேட்காதீர்கள். துப்பாக்கி லைசென்சும் வேட்டை உரிமமும் முடியும் தேதிக்கு முன்னால் கடிதம் முடிய வேண்டும்.

அவர் தயங்கினால் நீங்களாகவே ஒரு பொறுப்பேற்புக் கடிதம் கொடுங்கள். வேட்டையால் வரும் சேதம், காயம், மூன்றாம் நபர் உரிமைக் கோரிக்கை எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று. அதை வருமான வரி வாரியத்தில் 10 ரிங்கிட் முத்திரைக் கட்டணம் கட்டி முத்திரையிட்டுக் கொடுத்தால் அவர் முகமே மாறும். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது.

நண்பர்கள் விஷயம். பெயர், ஐ.சி. எண் கடிதத்தில் இல்லாத ஆள் உள்ளே வரக் கூடாது. கூட வருகிறவர் சும்மா நடந்து வரலாம், விளக்குப் பிடிக்கலாம், பன்றியைத் தூக்கலாம். துப்பாக்கியைத் தொடக் கூடாது. "ஒரு தடவை நீ சுட்டுப் பார்" என்று லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்தால் விளையாட்டு அங்கேயே முடிந்தது. 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருடம் வரை சிறை, குறைந்தது 6 ரோத்தான் (பிரம்படி). ஒரு நிமிடம் கையில் பிடித்தது என்று யாரும் இரக்கம் பார்க்க மாட்டார்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் ஒரு நகலைப் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் கொடுங்கள். போகும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கும் நிலக்காரருக்கும் தகவல் சொல்லுங்கள். வெடிச் சத்தம் கேட்டுக் கம்பத்துக்காரர் (கிராமத்தார்) போன் செய்தால் நிலையத்தில் இருப்பவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கும்.

---

பட்டர்வொர்த் வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்க முடியாது. இரண்டு விஷயம் மட்டும். இப்போது கண்ணில் பட்டிருக்கும் இடம் ஒரு மலாய்க்கார ஹாஜியுடையது. பன்றியைப் பற்றி அவரிடம் எப்படிப் பேசுவது? இன்னொன்று, நிலத்தை ஒட்டிப் பழைய தோட்டக் குடியிருப்பும் ஒரு கோயிலும் இருக்கின்றன. மாடுகளும் மேய்கின்றன.

---

பதில் 3: பழைய பெரட்டு

ஹாஜியிடம் தயங்காமல் பேசலாம். பன்றி தொலைய வேண்டும் என்பதில் அவருக்கு உங்களைவிட ஆர்வம் அதிகம். அவர் கவலை வேறு. ரத்தமும் இறைச்சியும் தன் இடத்தில், தன் பொருளில் படக் கூடாது. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். நீங்களே முதலில் சொல்லுங்கள்: "பாக் ஹாஜி, சுட்டதை உங்கள் நிலத்தில் அறுக்க மாட்டேன். உங்கள் குழாயில் கை கழுவ மாட்டேன். உங்கள் பரோ வண்டியைத் தொட மாட்டேன். தார்ப்பாயும் தண்ணீரும் நானே கொண்டு வருவேன்." 40 லிட்டர் தண்ணீர், இரண்டு தடித்த தார்ப்பாய், கயிறு, கையுறை காடியில் எப்போதும் இருக்கட்டும். பன்றியை முழுசாகச் சுற்றிக் கட்டி, பின்பக்கம் மூடிய வண்டியில், கம்பத்தின் நடுவே இல்லாத வழியாக வெளியே கொண்டு போங்கள். சொட்டிய இடத்தில் மண்ணைப் போட்டு மூடுங்கள். அவருக்கு இறைச்சியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள், காசும் நீட்டாதீர்கள். நோன்பு மாதத்தில் மாலை நேரம் போகாதீர்கள். நாய் கூட்டிப் போவதாக இருந்தால் அதையும் முதலிலேயே கேட்க வேண்டும். பெரும்பாலும் வேண்டாம் என்பார். நாய்க்கு எல்லைக் கல் தெரியாது என்பதாலும் அந்தப் பதில் சரியானதுதான்.

சீனத் தவுக்கேயிடமும் நம்மவரிடமும் ஒரு தொடை கொடுப்பது வழக்கம். கொடுக்கலாம். விற்கக் கூடாது. வனவிலங்கு இறைச்சி வியாபாரத்துக்குத் தனி உரிமம் வேண்டும். "வித்துப் பாதிக் காசு தருகிறேன்" என்று நிலக்காரரிடம் பேரம் பேசினால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள்.

கோயில். தோட்டத்துக் கோயில் முனீஸ்வரனாகவோ காளியம்மனாகவோ இருக்கும், பக்கத்திலேயே பெரிய ஆலமரமோ பாம்புப் புற்றோ இருக்கும். அதைச் சுற்றி நல்ல தூரம் விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து முடியும் வரை வேட்டை இல்லை என்று கடிதத்திலேயே எழுதிக் கொள்ளுங்கள். பூசாரி ஐயாவையும் கோயில் தலைவரையும் பார்த்து முன்னாலேயே சொல்லி வையுங்கள். நிலக்காரர் அனுமதி இருந்தும் குடியிருப்பில் உள்ளவர்களின் எதிர்ப்பால் நின்று போன வேட்டைகள் இப்படித்தான் நின்றன. சட்டப்படி அவர்கள் அனுமதி தேவையில்லை. ஆனால் உங்கள் காடியைத் தினமும் பார்க்கப் போவது அவர்கள்.

மாடு. இதுதான் நிஜமான ஆபத்து. வேலை ஓய்ந்த நம்மவர்கள் வளர்க்கும் மாடுகள் செம்பனை நிழலில் இருட்டின பிறகும் படுத்துக் கிடக்கும். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னுவதைப் பார்த்துச் சுட்டால் முடிந்தது கதை. கண்ணைப் பார்த்துச் சுடக் கூடாது, உடல் முழுவதும் தெரிந்து, பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்த பிறகே சுட வேண்டும். மாட்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்து எந்தப் பக்கம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு வரப் போவதைச் சொல்லிவிட்டால் அவர்களே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னும் ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை. "மின்சாரக் கம்பி போட்டிருக்கீங்களா, சுருக்கு வெச்சிருக்கீங்களா, விஷம் வெச்சிருக்கீங்களா?" மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டு மின்சாரத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்து மரவள்ளியைச் சுற்றிக் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது பன்றியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. சுருக்குக் கண்ணி சட்டம் 716இல் தடை செய்யப்பட்டது. அப்படி ஏதாவது இருந்தால் எடுத்த பிறகே உள்ளே போங்கள், எடுக்க மாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம். வேலையாட்கள் முதலாளிக்குத் தெரியாமல் சுருக்கு வைத்திருக்கவும் கூடும், ஆகவே அவர்களிடமும் கேளுங்கள்.

---

பதில் 2இன் தொடர்ச்சி: பரண்

மாட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். எஸ்.ஜி. தோட்டா (பெரிய சிதறு குண்டுகள் உள்ளது) 30, 35 மீட்டருக்குள்தான் பன்றியைச் சரியாக விழ வைக்கும். ஆனால் தப்பிய குண்டு 500 மீட்டருக்கும் மேல் பறக்கும். செம்பனை வரிசை நேராக இருப்பதால் வரிசையின் போக்கில் சுட்டால் தடுக்க ஒன்றுமில்லை. சரளை ரோட்டில் பட்டால் எகிறும். இதற்கு நல்ல வழி பரண். 3 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும். நிலக்காரரிடம் "நடந்து சுட மாட்டேன், பரண்மேல் இருந்து இந்தத் திசையில்தான் சுடுவேன்" என்று ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். வேலையாள் குடிசை, ரோடு, எல்லை மூன்றும் அந்த அம்புக்கு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இதைப் பார்த்த பிறகு மறுத்த முதலாளிகள் குறைவு.

பரண் போடவும் தனியாக அனுமதி கேளுங்கள். கழற்றி எடுத்துப் போகும் இரும்புக் குழாய் பரண் நல்லது. ரப்பர் மரத்திலோ டுரியான் மரத்திலோ ஆணி அடிக்காதீர்கள். பால்மரத்தில் வெட்டு விழும் பட்டைக்குள் ஆணியோ குண்டோ இருந்தால் அந்த இடம் முண்டு கட்டிப் பால் குறையும். மரத்துக்குப் பத்துச் சென் நஷ்டம் என்றாலும் நிலக்காரர் மறக்க மாட்டார். டுரியான் தோப்பில் பழம் விழும் காலத்தில் அறவே வேண்டாம். அந்த மாதங்களில் ராத்திரி முழுக்க விளக்கோடு ஆட்கள் பழம் பொறுக்குவார்கள்.

ரோடு ஈரமாக இருக்கும் நாளில் காடியை உள்ளே இறக்காதீர்கள். நான்கு சக்கர வண்டி போட்ட பள்ளத்தில் மறுநாள் பழ லாரி மாட்டும். கேட்டை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடுங்கள். பூட்டியிருந்தால் பூட்டுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். அனுமதி ரத்தாவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான், சுட்டதில் இல்லை.

---

பதில் 4: வால்டோர் பக்கம்

நல்ல இழை. விட்டுப் போனது ஒன்று, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2021இல் சபாவில் முதலில் தெரிய வந்தது. 2023 ஜனவரியில் செபராங் பிறையிலுள்ள பண்ணைகளில் வந்தது. மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு மருந்தே கிடையாது, பண்ணையே போய்விடும்.

வால்டோரிலும் கம்போங் செலாமாட்டிலும் பன்றிப் பண்ணைகள் இருக்கின்றன. பண்ணையை ஒட்டிய நிலத்துக்காரர் உங்களை உள்ளே விட மறுத்தால் அது உங்கள்மேல் உள்ள அவநம்பிக்கை இல்லை. காட்டுப்பன்றியின் ரத்தம் பட்ட பூட்சும் டயரும் கிருமியைக் கொண்டு வரும், அந்தக் கிருமி ரத்தத்திலும் இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடிருக்கும். பண்ணை வைத்திருப்பவரோடு வேட்டைக்குப் போகாதீர்கள், வேட்டை உடுப்போடு பண்ணைக் கடைப்பக்கம் டீ குடிக்கவும் நிற்காதீர்கள்.

அனுமதி கேட்கும்போதே இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். குடலையும் கழிவையும் மூன்று அடிக்குக் குறையாமல் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தள்ளி. எங்கே தோண்டுவது என்று நிலக்காரர் காட்ட வேண்டும். ஹாஜி நிலத்தில் புதைப்பது பேச்சுக்கே இல்லை, முழுசாக வெளியே கொண்டு போய்விடுங்கள். ஆற்றிலும் தோட்ட வாய்க்காலிலும் வீசினால் கீழே பண்ணைக்குப் போகும். வீடு திரும்பும் முன் பூட்ஸ் அடியை மண் போகத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினி தெளியுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது மருந்து தெளித்தால் வேலை செய்யாது.

தோட்டத்தில் தானாகச் செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்டால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு கால்நடைச் சேவை இலாகாவுக்கும் நிலக்காரருக்கும் சொல்லுங்கள். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போவது பெரிய தவறு.

---

பட்டர்வொர்த் வாசி

ஹாஜி நிலத்துக்குத் தேடல் போட்டேன். கிராண்டில் இருப்பது அவருடைய காலமான அப்பாவின் பெயர். ஐந்து பிள்ளைகள். பாக் ஹாஜி மட்டும்தான் அங்கே இருக்கிறார். அவர் கையெழுத்துப் போதுமா?

---

பதில் 1இன் தொடர்ச்சி: செம்பனை நிழல்

இது பினாங்கில் அடிக்கடி வருவது. பூசாக்கா (பரம்பரைச் சொத்து) பிரிக்காத நிலத்தில் பெயர் இறந்தவருடையதாகவே இருக்கும். சின்னச் சொத்தாக இருந்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகமே பங்கு பிரித்து உத்தரவு போடும். அந்த உத்தரவோ நிர்வாகி நியமனமோ ஆகியிருந்தால் அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்துத்தான் முழு பலம். ஆகியிருக்கிறதா என்று முதலில் பாக் ஹாஜியிடமே மரியாதையாகக் கேளுங்கள்.

ஆகவில்லை என்றால் அவருடைய கையெழுத்து மட்டும் போதாது. நிலத்தில் இருந்து பயிர் பார்ப்பவர் என்ற முறையில் அவர் கையெழுத்து முதல் இடத்தில் இருக்கட்டும். அவர் வழியாகவே மற்ற நால்வரின் பெயர், ஐ.சி. எண், "செதுஜு" (சம்மதம்) என்ற சொல், கையெழுத்து இவற்றை அதே தாளின் கீழே வாங்குங்கள். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தம்பி தங்கைகள் வாட்சாப்பில் அனுப்பிய சம்மதத்தை அச்செடுத்து இணைக்கலாம். கையெழுத்துக்கு அது ஈடில்லை, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு மேல். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். குடும்பத்துக்குள் ஏற்கெனவே நிலத் தகராறு இருந்தால், துப்பாக்கியோடு நீங்கள் அதன் நடுவில் நிற்பது யாருக்கும் நல்லதில்லை.

தேடல் தாளில் கேவியட் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். உடன்பிறப்பு ஒருவரே கேவியட் போட்டிருந்தால் அந்தத் தகராறு இருக்கிறது என்று அர்த்தம்.

---

பட்டர்வொர்த் வாசி

கேவியட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் பாக் ஹாஜியைப் பார்க்கப் போகிறேன். துப்பாக்கி வீட்டுப் பெட்டியில். உறையில் மூன்று நகலும், எழுதி முடித்த கடிதமும், பரண் திசையைக் காட்டும் படமும்.